தூக்கிப் பார்த்து வாங்கிய மெஷின்

கார்ப்பெட் கழுவும் மெஷின் ஒன்றை அன்பரசி வாங்கப் போகிறாள் என்று நல்லம்பள்ளியில் தெரிந்ததும், அந்த மெஷினை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடப்போகாத அத்தனை பேருக்கும் அதைப் பற்றி உறுதியான கருத்து இருந்தது. எதிரே மளிகைக்கடை வைத்திருப்பவர், மெஷின் என்றால் ஜெர்மனியில் செய்ததாக இருக்க வேண்டும் என்றார். அவர் கடைத் தராசு எந்த நாட்டில் செய்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அன்பரசியின் கொழுந்தன் மூன்று வீடியோ பார்த்துவிட்டு வந்து, "வாட்ஸ் பாருங்கண்ணி, வாட்ஸ்தான் முக்கியம்" என்றான். எதுக்கு முக்கியம் என்று கேட்டதற்கு, அது அடுத்த வீடியோவில் வரும் என்று போய்விட்டான்.

கணவர் மாது கிரானைட்டுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை செய்பவர். கல்லோடு பழகியவர் என்பதால் அவருடைய கொள்கை சுருக்கமாக இருந்தது.

"மெஷின்னா கனமா இருக்கணும்."

இதை அவர் மட்டும் சொல்லவில்லை. கிரைண்டரோ பீரோவோ சம்பந்தி வீடோ, எதுவானாலும் இந்தப் பக்கத்தில் கனம் பார்த்துத்தான் மதிப்பு.

"கனமா இருந்தா யாருங்க தூக்கறது?" என்றாள் அன்பரசி.

"தூக்கறதுக்கா ஆளு இல்ல?"

"அந்த ஆளு நாந்தாங்க."

மாது, டி.வி.யில் கிரிக்கெட் ஓடுவது ஞாபகம் வந்து எழுந்து போனார்.

அன்பரசிக்கு நாற்பதை ஒட்டிய வயது. தர்மபுரியில் ராஜப்பன் என்ற காண்ட்ராக்டரிடம் பல வருடங்கள் வேலை பார்த்தவள். கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, லாட்ஜ் என்று கார்ப்பெட்டும் சோபாவும் கழுவிக் கொடுப்பது ராஜப்பனின் தொழில். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நெஞ்சு உயரத்துக்கு ஒரு மெஷின் வைத்திருந்தார். வேலை செய்யும் பெண்கள் அதற்கு யானை என்று பெயர் வைத்திருந்தார்கள். வேலைமுறை இதுதான்: யானையைப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்குவார்கள். ராஜப்பன் கையுறை மாட்டிக்கொண்டு பின்னால் வெறுங்கையோடு ஏறி வருவார். மேலே போனதும் அவர் சுவிட்சைப் போட்டு, கைப்பிடியைப் பிடித்து ஓட்டுவார். ஓட்டி முடித்ததும் பெண்கள் ஈரம் பிழிந்து, மூலைகளைக் கையால் தேய்த்து, மறுபடியும் யானையைக் கீழே இறக்குவார்கள். போர்டில் ராஜப்பனின் பெயர், படம், கையுறை எல்லாம் இருக்கும்.

ஒருநாள் மண்டபத்து மாடியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது அவருக்கு போன் வந்தது. பேச்சு நீண்டது. மெஷின் ஒரே இடத்தில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு நின்றது. அன்பரசி கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தினாள்.

ராஜப்பன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினார். "யம்மா யம்மா, அதத் தொடாத! அது டெக்னிக்கல் ஐட்டம்!"

"தூக்கறப்ப டெக்னிக்கல் இல்லீங்களாண்ணா?" என்றாள் அன்பரசி.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள். மற்ற மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்கள். யானை மாடியிலேயே தங்கிவிட்டது. அடுத்த முகூர்த்தத்துக்கு வந்த பெண் வீட்டார் அதன்மேல் சீர்வரிசைத் தட்டுகளை அடுக்கியதாகக் கேள்வி.

வேலையை விட்டவளுக்கு ஒகேனக்கல்லிலிருந்து அழைப்பு வந்தது. கிருஷ்ணப்பன் அங்கே மூன்று மாடி லாட்ஜ் வைத்திருப்பவர். ராஜப்பனிடம் வேலை பார்த்த நாளில் அன்பரசியின் தேய்ப்பைக் கண்டவர். ஏ.சி. மட்டும் இருந்தால் ரூமை டீலக்ஸ் என்று சொல்ல முடியாது, தரையில் கார்ப்பெட்டும் வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள்; எல்லா ரூமிலும் போட்டுவிட்டார். அருவிக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்துகொண்டு, குளித்தும் குளிக்காமலும், கையில் மீன் வறுவலோடு ரூமுக்குத் திரும்புவார்கள் என்பதை அந்த ஆள் சொல்லவில்லை.

"ஆடிப் பெருக்குக்கு முன்னால எல்லா ரூமும் கழுவணும்" என்றார் கிருஷ்ணப்பன். "மெஷினோட வந்தீன்னா வேல உனக்கு. இல்லன்னா எப்பவும் போல ராஜப்பன்."

அன்பரசிக்கு வேண்டியது அவ்வளவுதான்: அந்த லாட்ஜ் வேலை, தன் பெயரில். அதற்கு, தான் ஒருத்தியே தூக்கி, தானே ஓட்டக்கூடிய ஒரு மெஷின். பணத்துக்கு மகளிர் குழு இருந்தது. அதில் சிக்கல் இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் ஊரே இருந்தது.

மாட்டுச் சந்தையில் கறவை வாங்கத் தெரிந்தவர்கள், விற்கிறவன் கறந்து காட்டும் பாலை நம்புவதில்லை. முதல் நாள் சாயங்காலம் கறக்காமல் விட்டு, மடி பெருக்கி ஓட்டி வந்திருப்பான். வாங்குகிறவன் சொம்போடு தானே உட்கார்ந்து கறந்து பார்ப்பான். மாடு உதைக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். மெஷினுக்கும் அன்பரசி அதையே செய்வதென்று முடிவெடுத்தாள். ஒகேனக்கல் போய், கிருஷ்ணப்பனின் லாட்ஜிலேயே மிக மோசமான கார்ப்பெட்டாகப் பார்த்துக் கேட்டு வாங்கி, சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை அதோடு சேலம் பஸ் ஏறினாள். துணைக்கு மாதுவும் வந்தார். ஆனால் வாசனை பரவத் தொடங்கியதும் இரண்டு சீட் தள்ளிப் போய், வேறு யாருக்கோ கணவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

தொப்பூர் தாண்டுவதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார்.

"யாரும்மா பஸ்ஸுல மீன் ஏத்துனது?"

"மீன் இல்லீங்கண்ணா, கார்ப்பெட்டு."

"கார்ப்பெட்டு எப்படிம்மா கெளுத்தி வாசம் அடிக்கும்?"

"ஒகேனக்கல் கார்ப்பெட்டுங்க."

"அப்ப சரி" என்று கண்டக்டர் போய்விட்டார். முன் சீட்டில் இருந்த ஆயா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்து, "எண்ண வாசமும் வருதே கண்ணு, குளிக்காத ஆளு எவனாச்சும் உள்ள சுருட்டிக்கிட்டுப் படுத்திருக்கானா பாரு" என்றாள்.

சேலத்தில் கடை முதல் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., உள்ளே வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைகள்போல வரிசையாக மெஷின்கள். டை கட்டிய அருள்குமார் என்ற விற்பனையாளர் நேராக மாதுவிடம் வந்து கைகுலுக்கினார்.

"சொல்லுங்க சார், என்ன மாதிரி பாக்கறீங்க?"

மாது கடையிலேயே பெரியதைக் கைகாட்டினார்.

"வாங்கறது நானுங்க தம்பி" என்றாள் அன்பரசி. "அவரு சும்மா கூட வந்தாரு."

அருள்குமார் கைகுலுக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டார். பிறகு ஒரு வெள்ளைக் கார்ப்பெட் துண்டைத் தரையில் விரித்து, காகிதக் கப்பிலிருந்து காப்பியை அதன்மேல் ஊற்றி, "இப்பப் பாருங்க மேடம்" என்று மெஷினை ஓர் இழுப்பு இழுத்தார். கறை காணாமல் போனது. மாது கைதட்டப் போய், பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"காப்பி ஊத்தி கண்ண மூடித் தொறக்கல" என்றாள் அன்பரசி. "அது இன்னும் கார்ப்பெட்டுக்குள்ள குடியே போவல தம்பி. வாசல்ல நின்னத வெளிய போன்னு சொல்லியிருக்கீங்க. குடி போயி, புள்ள குட்டி பெத்தது ஒண்ணு கொண்டாந்திருக்கறேன்."

கட்டை அவிழ்த்து விரித்தாள். ஏ.சி. அந்த வாசனையைப் பாரபட்சமில்லாமல் எல்லா மூலைகளுக்கும் கொண்டு சேர்த்தது. தூசி உறிஞ்சும் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி, பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் இதுவரை வந்ததாகத் தகவல் இல்லை.

"மேடம், இது... என்ன?"

"உங்க மெஷினுக்கு வேலைங்க."

முதலில் பெரியதையே ஓட்டினார்கள். உள்ளேயே ஹீட்டர் வைத்தது. கொதிக்கும் தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சியது. எண்ணெய்க் கறை கண் முன்னால் கழன்று வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று கடையில் இருந்தவற்றில் அதுதான் நன்றாகக் கழுவியது.

"நாஞ் சொன்னேன்ல?" என்றார் மாது.

"நல்லாத்தான் கழுவுது" என்றாள் அன்பரசி. "இப்ப மொட்டமாடிக்குத் தூக்குங்க."

"எதுக்கு?"

"லாட்ஜுல லிப்டு இல்லீங்களே."

அருள்குமார், டெமோ பீஸ் மேடம் என்று ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் மாது லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கல் தூக்கிய தோள். மானப் பிரச்சினை வேறு. மெஷின் ஆறேழு படி ஏறியது. படி திரும்பும் இடத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது, மாதுவும் நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"கல்லுன்னா வேற. இதுல புடிக்கறதுக்கே எடம் இல்ல."

"எறக்கிருங்க."

"எறக்கறதுக்கும் எடம் இல்ல."

அருள்குமாரும் கடையின் இன்னொரு ஊழியரும் ஓடினார்கள். மூன்று ஆண்கள் படிக்கட்டில் ஒரு மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அன்பரசி நிம்மதியாகக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். ரோஸ் கலரில் குட்டி மெஷின் ஒன்று இருந்தது. இரண்டு விரலில் தூக்கலாம். இதுதான் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டாள்.

அருள்குமார் டையைத் தளர்த்திக்கொண்டு திரும்பி வந்தார். "மேடம், அது வேண்டாம். வீட்டுக்குன்னு செஞ்சது. சோபால குழந்த பால் கொட்டினா தொடைக்கலாம். நாள் பூரா ஓட்டினா மோட்டார் சூடாகி நின்னுரும். தொழிலுக்கு யூஸ் பண்ணதுன்னு தெரிஞ்சா வாரண்டியும் தர மாட்டாங்க."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் அன்பரசி. தெரியாது. மெதுவாகக் கீழே வைத்தாள்.

அடுத்து அருள்குமார் காட்டியது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அரிசி டின்னுக்குக் கைப்பிடியும் ஹோஸும் வைத்ததுபோல இருந்தது. தொழிலுக்கென்றே செய்தது, நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், உறிஞ்சிய அழுக்குத் தண்ணீருக்கு ஒரு டேங்க், ஹீட்டர் கிடையாது. பச்சைத் தண்ணீர் ஊற்றி ஓட்டியபோது ஒகேனக்கல் எண்ணெய் அசையவே இல்லை. அன்பரசி சுடுதண்ணீர் கேட்டாள். கடையில் டீ போடும் கெட்டிலிலிருந்து கொண்டுவந்தார்கள்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க மேடம், பம்ப்புல இருக்கற வாஷர் போயிரும். கை பொறுக்கற சூடுதான் இதுக்கு."

"சரி சரி" என்று அதட்டிக்கொண்டே அவர் சொன்ன மாதிரியே கலந்து ஊற்றினாள். இந்த முறை கறை கழன்றது. பெரியது ஓர் இழுப்பில் செய்ததை இது மூன்று இழுப்பில் செய்தது, ஆனால் செய்தது.

"ஹீட்டர் வச்சதே இதுல ஒரு மாடல் இருக்கு மேடம். கொஞ்சம் கனம், அவ்வளவுதான்."

"எண்ண தேச்சுக்கிட்டு வர்றவனெல்லாம் லாட்ஜுல மொதல்ல கேக்கறது சுடுதண்ணிதான் தம்பி. அங்க பாய்லர் விடிஞ்சதுலருந்து எரியுது. அங்கயே எரியற நெருப்ப நான் எதுக்கு நல்லம்பள்ளிலருந்து சொமந்துகிட்டுப் போவணும்?"

பெட்டியைத் தூக்கி, குடம் வைக்கிற மாதிரி இடுப்போடு அணைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். படி திரும்பும் இடத்தில் பெரிய மெஷினுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த மாது காலை மடக்கி வழிவிட்டார். மேலே போய், சேலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதே பெட்டியோடு இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது. வாங்கவில்லை என்று காட்டிக்கொண்டாள்.

"பில்லு சார் பேர்ல போட்றலாமா மேடம்?"

"சாரு படிக்கட்டுல இருக்காரு. எம்பேருல போடுங்க. கார்ப்பெட்டு கழுவுற தொழிலுக்குன்னும் போடுங்க."

அருள்குமார் கடைசியாக ஒன்று சொன்னார். "ஹோஸ் மட்டும் நீளமா எடுத்துக்கங்க மேடம். பெரிய ரூமுக்கு இது எட்டாது."

அவர் சொன்ன வாரண்டி விஷயமும் சரி, வாஷர் விஷயமும் சரி. டை கட்டிய ஒருவர் ஒரே நாளில் மூன்றாவது முறையும் சரியாக இருப்பதை அன்பரசியால் தாங்க முடியவில்லை. "வேண்டாம்" என்றாள்.

ஆடி பிறந்து சில நாட்களில், ஒரு காலை வேளையில், மெஷினோடு ஒகேனக்கல் போய் இறங்கினாள். லாட்ஜ் முற்றத்தில் ராஜப்பன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில், மண்டபத்து மாடியிலிருந்து எப்படியோ இறங்கி வந்துவிட்ட யானை. கிருஷ்ணப்பன் இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார். யார் முதலில் கோபித்துக்கொண்டு போகிறார்களோ அவர்களை விட்டுவிடுவது என்பது அவருடைய டெண்டர் முறை.

யானை படிக்கட்டருகே நின்றது. தூக்க ஆள் இல்லை. ராஜப்பன் அந்தப் பக்கமாகப் போன பரிசல்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவர் மெஷினைச் சுற்றி வந்து, "பரிசல்னா தலைல கவுத்துக்கிட்டுப் போயிருவோம்ணா. இத எங்க கவுக்கறது?" என்று கேட்டுவிட்டுத் துடுப்போடு நடந்தார்.

கிருஷ்ணப்பன் அன்பரசியின் கையில் இருந்ததைப் பார்த்தார். "என்னம்மா இது, டிபன் கேரியரா?"

"மெஷினுங்கண்ணா."

"ராஜப்பன் மெஷினப் பாரு, எப்படி நிக்குது!"

"நிக்குதுங்க" என்றாள் அன்பரசி. "காலைலருந்து நின்னுகிட்டேதான் இருக்குது."

மூன்றாவது மாடிக்கு ஏறினாள். பாய்லர் தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து, விரலை விட்டுப் பார்த்து ஊற்றினாள். முதல் ரூமில் கட்டில் வரை ஹோஸ் எட்டியது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் எட்டவில்லை. மேலே வேடிக்கை பார்க்க வந்த கிருஷ்ணப்பன் அதைக் கவனித்துவிட்டார்.

"ஹோஸ் சின்னதா இருக்குதே."

"ஹோஸ் சரியாத்தான் இருக்குதுங்க. ரூமத்தான் பெருசாக் கட்டிட்டீங்க" என்று சொல்லி, மெஷினையே தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். இரண்டு ரூமுக்கும் இப்படியே மூலைக்கு மூலை தூக்கித் தூக்கி வைத்துக் கழுவினாள். இடுப்பு விட்டுப்போனது. அருள்குமாரை நினைத்துப் பல்லைக் கடித்தாள். தன்னை நினைத்துக் கடிக்கவில்லை.

அழுக்குத் தண்ணீர் டேங்கைக் கழற்றிக்கொண்டு கீழே வந்தபோது, கிருஷ்ணப்பன் ரிசப்ஷன் மேசையில் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் ராஜப்பன். டேங்கைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னம்மா, ரசமா?"

"உங்க ரூமுங்க."

கிருஷ்ணப்பன் மீனைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். மாடிக்குப் போய், கார்ப்பெட்டை மிதித்துப் பார்த்து, குனிந்து முகர்ந்தும் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"நல்லாத்தான் பண்ற. ஒண்ணு பண்ணும்மா. எல்லா ரூமும் நீயே பாரு. பில்லு மட்டும் ராஜப்பன் பேர்ல வரட்டும். இத்தன வருசப் பழக்கம், அவரு மனசும் கஷ்டப்படக் கூடாதில்ல?"

"எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் ராஜப்பன், பெருந்தன்மையாக. "நம்மகிட்ட தொழில் கத்துக்கிட்ட பொண்ணுதான."

"தூக்கறது நானு, ஓட்டறது நானு. அழுக்கும் என் டேங்குல. பேரு மட்டும் அண்ணனுதுங்களா?"

கிருஷ்ணப்பனுக்குக் கோபம் வந்தால் பேச்சில் கன்னடம் எட்டிப்பார்க்கும். "சும்னே இரம்மா. எல்லாரும் கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போவணும்."

எல்லாரும் அனுசரித்துப் போக வேண்டும் என்ற வாக்கியம், சுமை யார் கையில் இருக்கிறதோ அவரைப் பார்த்துத்தான் எப்போதும் சொல்லப்படுகிறது. அன்பரசி அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். மேலே போய் ஹோஸைச் சுருட்டினாள். மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, இருவருக்கும் நடுவே நடந்து வெளியே போனாள்.

சின்ன மெஷினின் வசதிகளைச் சொல்லும்போது கடைக்காரர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கோபம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பெரிய மெஷின் வைத்திருப்பவர் கோபித்துக்கொண்டு போக வேண்டுமென்றால் நாலு ஆள் தேட வேண்டும்; ஆள் வந்து சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும். ராஜப்பன் இத்தனை காலமும் எல்லோரோடும் சுமுகமாக இருந்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

பக்கத்து லாட்ஜ் சென்னம்மாளுடையது. அவர் இரண்டாவது மாடியில் போர்வை காயப்போட்டபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா அங்க சண்ட?"

"சண்டையெல்லாம் இல்லீங்கக்கா. உங்க ரூமுல கார்ப்பெட்டு இருக்குதுங்களா?"

"இருக்குது, நாலு ரூமுல. நாயிகூட அதுல படுக்காது."

"காட்டுங்க. படி எந்தப் பக்கம்?"

அவள் முதல் ரூமில் சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகக் கிருஷ்ணப்பனின் குரல் வந்தது. மூச்சிரைக்க மாடி ஏறி, ஜன்னலில் தலையை நீட்டியிருந்தார்.

"யம்மா! ரெண்டு ரூமு ஈரமா கெடக்குதே, அதுக்கு என்னா பண்றது?"

"ஃபேன் போட்டு வுடுங்கண்ணா. மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்."

"மிச்ச ரூமெல்லாம்?"

"பில்லு எம்பேருலன்னு சொல்லுங்க. இங்க முடிச்சுட்டு வர்றேன்."

கிருஷ்ணப்பன் அதற்கு ஏதோ சொன்னார். மெஷின் ஓடத் தொடங்கிவிட்டதால் அன்பரசிக்கு அது கேட்கவில்லை.